பிளேன்ரீ நிறத்தில் ஒரு பசளை

கதிர்காமு இரண்டு கிளாஸ்களைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வலது கையில் இருந்தது இந்திராதேவி ஊற்றிக் கொடுத்த பால் விடாத பிளேன்ரீ. இடது கையில் இருந்தது மாட்டுச் சாணமும் இலைகுழையும் பதினான்கு நாட்கள் ஊறிய தண்ணீர், செடிக்கு உரமாக ஊற்றும் பசளை. இரண்டும் ஒரே நிறம்.

"இஞ்சாருங்கோ, எந்தக் கையில எது எண்டு ஞாபகம் இருக்கட்டும்," என்றாள் இந்திராதேவி குசினி வாசலில் நின்று.

"எனக்குத் தெரியும். இடக்கைதான் சாணம்."

"நேற்றும் அப்பிடித்தான் சொன்னனீங்கள். பிறகு வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாத்துத்தான் கையை மாத்தினனீங்கள்."

 கதிர்காமு கைகளைத் தாழ்த்திவிட்டுத் தோட்டத்தைப் பார்த்தார். முப்பது கத்தரி, இருபது மிளகாய், வேலியோரம் ஒரு வரிசை பயிற்றை. எல்லாச் செடியிலும் இலையின் ஓரம் மட்டும் கருகியிருந்தது. நடுவில் பச்சை, சுற்றிவரப் பழுப்பு. பொறுமைசாலி ஒருவன் குந்தியிருந்து ஒவ்வொரு இலையின் விளிம்பையும் தீக்குச்சியால் சுட்டுவிட்டுப் போனது போல.

"நிறம் சரி," என்றார் தனக்குத்தானே. "பிறகேன் கருகுது?"

கருகக்கூடாத நேரத்தில் அல்லவா கருகுகிறது. மார்ச் மாதக் கடைசியில் கிருஷாந்தி மிஸ் வருகிறார்.

கிருஷாந்தி மிஸ் அந்தப் பகுதியின் விவசாயப் போதனாசிரியர். சிலாவத்துறையிலிருந்து ஒரு மைல் தள்ளி, கடல் இரைவது கேட்கும் தூரத்தில் இருந்த அந்த ஊருக்குச் சனங்கள் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தை மாதத்தில் மிஸ் வந்து நான்கு வீடுகளைத் தெரிந்தெடுத்தார். வீட்டுக்கொரு நீலப் பரல், மூடியோடு ஒரு பிளாஸ்டிக் பீப்பாய், கொடுத்தார். வாசிகசாலை முற்றத்தில் எல்லாரையும் இருத்தித் திரவப் பசளை செய்யும் முறையைச் சொன்னார்.

"தேத்தண்ணி எப்பிடிப் போடுறியள்? தேயிலையை வடியில போட்டுச் சுடுதண்ணி ஊத்துறியள். சாயம் கீழ இறங்குது, சக்கை மேல நிக்குது. இதுவும் அதேதான். சாணத்தையும் கிளிசெறியா இலையையும் சாக்கில போட்டுக் கட்டுங்கோ. மிதக்காமல் இருக்க உள்ளுக்கு ஒரு கல்லு. பரல் தண்ணிக்குள்ள தாழ்த்திவிட்டு, மூடி, ஒண்டைவிட்ட ஒருநாள் தடியால கலக்குங்கோ. பதினாலு நாளில சாணத்தில இருக்கிற சத்தெல்லாம் தண்ணிக்கு வந்திடும்."

"அப்பிடியே ஊத்தலாமோ மிஸ்?" என்று கேட்டவர் கதிர்காமுதான்.

"ஊத்தினால் செடி செத்திடும் ஐயா. கருவாடு போடேக்க மீனுக்கு உப்பு அடிக்கிறியள், என்ன நடக்குது? மீனுக்குள்ள இருக்கிற தண்ணி வெளியில வந்திடுது. கடுமையான பசளையும் அப்பிடித்தான் வேருக்குள்ள இருக்கிற தண்ணியை வெளியில இழுத்துப்போடும். ஈரத்தில நிண்டுகொண்டே செடி தாகத்தில சாகும். முதல்ல இலையின்ர ஓரம் கருகும். அதால, பிளேன்ரீ நிறம் வாற வரைக்கும் தண்ணி கலந்து, இலையில படாமல் வேரடியில ஊத்துங்கோ."

கதிர்காமுவுக்கு இது நிரம்பப் பிடித்துப்போயிற்று. அவர் முப்பது வருடம் சைக்கிள் திருத்தியவர். தோட்டம் அவருக்குப் புதிது. ஆனால் ஒரு பொருள் ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று காரணத்தோடு சொன்னால் அவர் சாப்பாட்டையும் மறந்து கேட்பார்.

கடைசியில் மிஸ் இன்னொன்றும் சொன்னார். நான்கு தோட்டத்திலும் எது திறமோ அந்த வீட்டுக்கு ஒரு நீர் இறைக்கும் மெசின்.

அதைக் கேட்டதும் கதிர்காமு திரும்பி இந்திராதேவியின் வலது தோளைப் பார்த்தார். முகாமில் பவுசர் லொறியில் வரும் தண்ணீரை வாங்கிக் கானில் சுமந்து சுமந்து பழுதாய்ப்போன தோள் அது. தலை சீவக் கையை உயர்த்த முடியாது. ஆனாலும் அவர் சிலாவத்துறைச் சந்திக்குச் சைக்கிள் திருத்தப் போன பிறகு, அந்தக் கையால்தான் அவள் நாளுக்கு நாற்பது வாளி இறைத்தாள். வாளி மேலே வரும்போதெல்லாம் பல்லைக் கடிப்பாள். அவர் பார்த்தால் சிரிப்பாள்.

மெசின் எங்கள் வீட்டுக்குத்தான் என்று கதிர்காமு அன்றே முடிவு செய்துவிட்டார்.

மாரி மழை இருக்கும் வரை தோட்டம் பச்சைப் பசேலென்று நின்றது. மழை விட்டது. பரலும் ஊறி முடிந்தது. முதல் பசளை ஊற்றிய பத்தாம் நாள் இலை கருகத் தொடங்கியது.

ஆகவே பசளை கடுமையாகிவிட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"இஞ்சேர், எனக்கொரு சந்தேகம்," என்றார் கதிர்காமு, இரண்டு கிளாஸ்களையும் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு. "பிளேன்ரீ நிறம் எண்டு மிஸ் சொன்னவ. ஆரின்ர வீட்டுப் பிளேன்ரீ எண்டு சொல்லேல்லையே."

"ஏன், என்ர தேத்தண்ணிக்கு என்ன குறை?"

"குறையெண்டு சொல்லேல்ல. நீர் சாயத்தைக் கொஞ்சம் கடுமையா இறக்கிறனீர். அந்தக் கடுமையில பசளையைக் கலந்தால் செடி தாங்குமோ?"

இந்திராதேவி வலது கை கிளாஸை எடுத்து மிச்சத் தேநீரைக் குடித்தாள். அது வலது கை கிளாஸ்தானா என்று கதிர்காமு ஒரு கணம் பதறினார். அதுதான்.

அடுத்த வளவு அம்புறோஸுடையது. கடலுக்குப் போகிறவர். அவருக்கும் ஒரு பரல் கிடைத்திருந்தது. ஒரே பட்டியில் அள்ளிய சாணம், ஒரே மரத்தில் வெட்டிய இலை. ஆனால் அம்புறோஸின் கத்தரி தென்னோலைக் கிடுகுவேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

கதிர்காமு ஜாம் போத்தலில் பசளையை ஊற்றி எடுத்துக்கொண்டு போனார்.

"வாங்கோ கதிர்காமண்ணை. என்ன போத்தலோட? தவக்காலம், நான் இப்ப தொடுறேல்ல," என்றார் அம்புறோஸ்.

"இது சாணத்தண்ணி அம்புறோஸ். உங்கட வீட்டில ஒரு பிளேன்ரீ தாங்கோ."

"ரெண்டையும் கலந்தோ குடிக்கப்போறியள்?"

அம்புறோஸின் மனைவி றஞ்சிதம் தேநீர் கொண்டுவந்தாள். கதிர்காமு போத்தலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் நினைத்தது சரிதான். றஞ்சிதத்தின் தேநீர் இரண்டு மடங்கு வெளிறியிருந்தது. பிறகு மரியாதைக்காக ஒரு மிடறு குடித்தார். சாயம் இருந்தது, சீனி இருந்தது, இஞ்சிகூடத் தட்டிப் போட்டிருந்தாள். ஆனாலும் என்னவோ ஒன்று குறைந்தது. சப்பென்று இருந்தது. பாவம் அம்புறோஸ், இத்தனை வருடமாக இதையா குடிக்கிறான் என்று மனதுக்குள் இரங்கிக்கொண்டு, "நல்லாயிருக்கு தங்கச்சி," என்றார்.

வீட்டுக்கு வந்து, ஒரு வாளி பசளைக்கு மூன்று வாளி தண்ணீர் என்றிருந்ததை ஐந்து வாளி ஆக்கினார். நிறம் றஞ்சிதத்தின் தேநீருக்கு வந்தது.

ஒரு கிழமையில் கருகல் இலையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தது.

இதுதான் கதிர்காமுவுக்கு விளங்கவில்லை. கடுமையைக் குறைத்தால் கருகல் குறைய வேண்டும். பிறேக் கட்டையைத் தளர்த்தினால் சில்லு லேசாகச் சுற்ற வேண்டும். இறுகினால் அது என்ன சைக்கிள்?

"இன்னும் கடுமை போல," என்றார்.

"அம்புறோஸண்ணையும் இதைத்தானே ஊத்துறார்," என்றாள் இந்திராதேவி.

"அதுதான் சொல்லுறன். அம்புறோஸுக்குத் தேத்தண்ணியைப் பற்றி என்ன தெரியும்? தெரிஞ்ச ஆளைக் கேக்கவேணும்."

தெரிந்த ஆள் ஊரில் ஒருவர் இருந்தார். சிவக்கொழுந்து. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர். ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை செய்தவர். தேநீரைப் பற்றிக் கேட்டால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"கலரை இப்படிப் பாக்கக்கூடாதுங்க," என்றார் சிவக்கொழுந்து, கதிர்காமுவின் கிளாஸை வாங்கிக் கீழே வைத்து. "கிளாஸ்ல பாத்தா ஒரு கலரு, பீங்கான்ல பாத்தா ஒரு கலரு. வெள்ளைக் கோப்பை இருக்குங்களா? அப்புறம், எந்தத் தூளு? டஸ்ட்டா, பெரிய இலையா? எத்தனை நிமிசம் ஊறிச்சு? நம்ம மலையில வெளையிற இலைக்குப் பொன் மாதிரிக் கலரு வரும். கீழ்நாட்டு இலை கறுப்படிக்கும். உங்க மிஸ் எந்த இலையைச் சொன்னாங்க?"

கதிர்காமுவுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட அவர் யோசிக்கவில்லை.

இந்திராதேவி வெள்ளைக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்தாள். சிவக்கொழுந்து அதை மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். பிறகு தொழிற்சாலையில் துரைமார் செய்வதுபோல ஒரு மிடறை 'சர்'ரென்று உறிஞ்சி வாய்க்குள் சுழற்றினார். சுழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். கண்கள் இரண்டும் வேலியோரத்துக்குப் போய்த் திரும்பின. துரைமார் துப்புவதற்கென்று பக்கத்தில் ஒரு பாத்திரம் இருக்கும். இங்கே பக்கத்தில் இந்திராதேவி இருந்தாள். சிவக்கொழுந்து விழுங்கினார்.

"எப்பிடி?" என்றார் கதிர்காமு.

"கலரு பிரமாதம்," என்றார் சிவக்கொழுந்து கோப்பையைக் கீழே வைத்து.

"ருசி?"

"கலரைத்தானே கேட்டீங்க. பசளைக்கு இது கூடாதுங்க. இன்னும் எளக்குங்க. காலை வெயில்ல பித்தளை மாதிரி இருக்கணும்."

அவர் போன பிறகு இந்திராதேவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "தேயிலை ஃபக்டறிக்காரரே சொல்லிப்போட்டார். கேட்டனீங்களோ?"

ஐந்து வாளித் தண்ணீர் எட்டு வாளி ஆயிற்று. பித்தளை நிறம் வந்தது. பசளை இவ்வளவு இளகிவிட்டதால் சத்துப் போதாமல் போய்விடுமே என்று பயந்து, ஒரு நேரம் ஊற்றியதை இரண்டு நேரம் ஆக்கினார். காலையில் அவர் இறைத்தார். பின்னேரத்தில் இந்திராதேவி இறைத்தாள். நல்லவேளையாகக் கிணறு கைவிடவில்லை. ஊருக்குத் திரும்பிய வருடம் ஒரு நிறுவனம் கிணறுகளைத் துப்புரவாக்கித் தந்தபோது, வேலையாட்களுக்கு இரண்டு நேரச் சாப்பாடு போட்டு, மற்றக் கிணறுகளைவிட இரண்டு வளையம் கூடுதல் ஆழமாக இறக்குவித்தவர் கதிர்காமு. எந்தக் கோடையிலும் அதில் தண்ணீர் குறையாது.

பயிற்றை வரிசை முழுதாகச் செத்தது.

இனித்தான் கதிர்காமு உள்ளபடியே குழம்பினார். அன்றைக்குச் சந்தியில் ஒருவரின் சைக்கிளுக்குப் பின்சில்லை முன்னுக்குப் பூட்டிவிட்டு, சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு இது எங்கே போடுவது என்று கால்மணி நேரம் யோசித்தாராம்.

ஆனால் சைக்கிள் திருத்துகிறவனிடம் ஒரு முறை உண்டு. ஓடும்போது 'கிறீக்' என்று ஒரு சத்தம் வருகிறது. எங்கிருந்து என்று தெரியவில்லை. அப்போது நல்ல சைக்கிள் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு உறுப்பாக மாற்றிப் பூட்டிப் பார்க்க வேண்டும். எதை மாற்றியதும் சத்தம் அந்தச் சைக்கிளுக்குப் போகிறதோ, அதுதான் பழுது. இதில் பிழையே வராது.

"அம்புறோஸ்," என்று வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "உங்கட பரலையும் என்ர பரலையும் ஒரு கிழமைக்கு மாத்துவமோ?"

அம்புறோஸ் தன் கத்தரிகளைத் திரும்பிப் பார்த்தார். கதிர்காமுவின் கத்தரிகளையும் பார்த்தார். ஒரு தகப்பன் மகளைக் கொடுக்கப்போகும் வீட்டைப் பார்க்கிற பார்வை அது.

"அண்ணை, எனக்கும் மெசின் ஆசை இருக்கு."

"உங்கட செடி வாடினால் அண்டைக்கே நிப்பாட்டுவம். என்ர பரலிலதான் பிழையெண்டு தெரிஞ்சால் எனக்கு அது போதும்."

அம்புறோஸ் நல்ல மனிதர். வேலியில் ஒரு கிடுகை விலக்கினார்கள். கதிர்காமுவின் பசளை அந்தப் பக்கம் போயிற்று. அம்புறோஸ் தன் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து ஊற்றினார். அம்புறோஸின் பசளை இந்தப் பக்கம் வந்தது; கதிர்காமு தன் கிணற்றுத் தண்ணீரைக் கலந்து ஊற்றினார்.

ஒரு கிழமையில் அம்புறோஸின் கத்தரி பூத்தது. கதிர்காமுவின் கத்தரி பதினொன்று படுத்தது.

"உங்கட பரல் என்ர பரலைவிடத் திறம் அண்ணை," என்றார் அம்புறோஸ், கொஞ்சம் வெட்கத்தோடு. "திருப்பித் தரத்தான் வேணுமோ?"

"அப்ப பரலில பிழையில்லை," என்றார் கதிர்காமு.

"கைராசியா இருக்கும்," என்றாள் இந்திராதேவி. "நீங்கள் கிறீஸ் பிடிச்ச கையோட போய் ஊத்துறியள்."

கதிர்காமுவுக்குக் கைராசியில் நம்பிக்கையில்லை. ஆனால் கையும் ஓர் உறுப்புத்தானே. மாற்றிப் பார்ப்பதில் என்ன நட்டம்? அடுத்த கிழமை முழுவதும் காலையில் அம்புறோஸ் வந்து கதிர்காமுவின் கிணற்றில் அள்ளிக் கதிர்காமுவின் தோட்டத்துக்கு ஊற்றினார். கதிர்காமு போய் அம்புறோஸின் கிணற்றில் அள்ளி அம்புறோஸின் தோட்டத்துக்கு ஊற்றினார். வேலியில் விலக்கிய கிடுகு வழியாக இரண்டு பேரும் வெறும் வாளியோடு எதிர்ப்பட்டு, ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். வேலை முடிந்ததும் இந்திராதேவி அம்புறோஸுக்குத் தேநீர் கொடுப்பாள். அவர் அதை மருந்து மாதிரி ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸைக் கவிழ்த்து வைப்பார்.

"அண்ணைக்கு எங்கட தேத்தண்ணியெண்டால் உயிர்," என்பாள் இந்திராதேவி. "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ?"

"ஐயோ வேண்டாம் தங்கச்சி, தவக்காலம்."

அந்தக் கிழமை கதிர்காமு தொட்ட இடமெல்லாம் அம்புறோஸின் மிளகாய் காய்த்தது. அம்புறோஸ் தொட்ட இடமெல்லாம் கதிர்காமுவின் மிளகாய் இலை உதிர்த்தது.

சாணம் சரி. இலை சரி. பரல் சரி. கை சரி. மண்ணும் ஒரே மண். நடுவில் நிற்பது கிடுகுவேலி ஒன்றுதான். சைக்கிளின் எல்லா உறுப்பையும் மாற்றியாகிவிட்டது. 'கிறீக்' சத்தம் மட்டும் அசையாமல் அவர் வீட்டிலேயே இருக்கிறது. முப்பது வருடத் தொழிலில் இப்படியொரு சைக்கிளை அவர் கண்டதில்லை.

மிஸ் வர ஐந்து நாட்கள் இருந்தன.

"ஒண்டு செய்வம்," என்றார் கதிர்காமு. "பசளையை முற்றா நிப்பாட்டுவம். இவ்வளவு நாளும் ஊத்தின கடுமை மண்ணுக்குள்ள நிக்குது. வெறும் தண்ணியை அள்ளி ஊத்திக் கழுவி விட்டால் மண் சுத்தமாயிடும். உடுப்பு அலசிற மாதிரி."

சொல்லிப் பார்க்கும்போது அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பசளையே இல்லாத வெறும் தண்ணீர் எந்தச் செடியைச் சுடும்?

ஐந்து நாளும் கடைக்குப் போகாமல் கதிர்காமு இறைத்தார். அவர் கை ஓய்ந்தால் இந்திராதேவி கயிற்றை வாங்கினாள். வேண்டாம் என்று அவர் சொன்னாலும் பிடுங்கினாள். நாளுக்கு நூறு வாளி. கப்பி கத்தியது. அவளுடைய தோள் வீங்கியது; அதில் நல்லெண்ணெய் தடவிய துணியைக் கட்டிக்கொண்டு இடது கையாலும் இழுத்தாள்.

"மெசின் வந்தாப் பிறகு இந்தக் கயிறை என்ன செய்யிறது?" என்று கேட்டாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஆட்டைக் கட்டலாம்."

"எங்களிட்ட ஆடு இல்லையே."

"அதையும் ஒருநாள் வாங்குவம்."

ஐந்தாம் நாள் காலையில் முப்பது கத்தரியில் மூன்று நின்றன. மிளகாய் இருபதும் விளக்குமாற்றுக் குச்சிகளாக நின்றன.

கிருஷாந்தி மிஸ் பத்து மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். மற்ற மூன்று தோட்டங்களையும் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கதிர்காமுவின் வளவுக்குள் வந்தார். பின்னாலேயே அம்புறோஸும் றஞ்சிதமும் வந்தார்கள். வஸீர் என்ற சாரதிப் பொடியன் ஜீப்பைப் பூவரசு நிழலில் விட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு படியடியில் வந்து நின்றான்.

மிஸ் தோட்டத்தைப் பார்த்தார். 

"ஐயா, பசளையைக் கலவாமல் ஊத்திப்போட்டியளோ?"

"எட்டுக்கு ஒண்டு மிஸ். பித்தளை நிறம்."

"என்ன நிறம்?"

கதிர்காமு ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். தேநீர் நிறங்கள், பரல் மாற்றியது, கை மாற்றியது, கடைசியில் கழுவியது. அம்புறோஸ் இடைக்கிடை "ஓம், உண்மை" என்று சாட்சி சொன்னார். மிஸ் பரலின் மூடியைத் திறந்து பார்த்தார். தடியால் கலக்கினார். ஒரு வாளியில் கலந்து நிறம் பார்த்தார். செத்த கத்தரி ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். புழுவில்லை, அழுகல் இல்லை. அவர் நெற்றியில் விழுந்த சுருக்கம் கதிர்காமுவின் நெற்றியில் ஒன்றரை மாதமாக இருந்த அதே சுருக்கம்.

"பசளையில ஒரு பிழையும் இல்லை. நாலு பரலிலையும் இதுதான் திறம்."

"அம்புறோஸும் அதைத்தான் சொன்னவர் மிஸ்."

"செடியைப் பாத்தால் கடுமையில கருகின மாதிரித்தான் இருக்கு. ஆனால் நீங்கள் போட்ட கணக்குக்குக் கருக வழியே இல்லை. பசளையை விட வேற என்ன சேர்த்தனீங்கள்? சாம்பல்? கடையில வாங்கின மருந்து ஏதாவது?"

"ஒண்டும் இல்லை மிஸ். தண்ணி மட்டும்தான். கழுவேக்க நாளுக்கு நூறு வாளி."

மிஸ் கொப்பியை விரித்துப் பேனையை எடுத்தார். எழுதாமல் கதிர்காமுவைப் பார்த்தார்.

"ஐயா, நான் உள்ளதைச் சொல்லுறன். இதுதான் காரணம் எண்டு தெரிஞ்சால், அதுக்கு என்ன உதவி வேணுமோ அதைச் செய்யச் சொல்லி எழுதுவன். அது எங்களால ஏலும். காரணம் தெரியாட்டி, 'பராமரிப்புப் போதாது' எண்டு ஒரு கட்டம் இருக்கு, அதில அடையாளம் போட வேணும். போட்டால் இந்த மெசின் மட்டுமில்லை, அடுத்த வருசப் பட்டியலிலையும் உங்கட பேர் வராது."

பராமரிப்புப் போதாது. கதிர்காமு இந்திராதேவியின் தோளில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். அவள் அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு குசினிக்குள் போனாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஏதும் கொடுக்க வேண்டுமே.

"எனக்கு வேண்டாம் அக்கா," என்றார் மிஸ் அவள் தட்டோடு வந்தபோது. "ஈஸ்ரர் வரைக்கும் நான் தேத்தண்ணி விட்டிட்டன்."

தட்டு வஸீரிடம் போயிற்று. வெயிலில் வண்டி ஓட்டி வந்தவன். ஆசையோடு எடுத்து ஒரு பெரிய மிடறு குடித்தான்.

முற்றத்தில் எல்லாரும் மிஸ்ஸின் பேனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேனை கட்டத்துக்கு மேலே நின்றது. கதிர்காமு கடைசியாக ஒரு தடவை சாணம், இலை, பரல், கை, மண் என்று விரல்விட்டு எண்ணி, ஐந்தாவது விரலில் வந்து நின்றார்.

வஸீர் மட்டும் வாய் நிறையத் தேநீரோடு, கன்னம் இரண்டும் உப்பி, விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல், கிளாஸையும் ஆட்களையும் மாறிமாறிப் பார்த்து முழித்தான். பக்கத்தில் நின்ற றஞ்சிதம் அதைக் கண்டு, அவன் பக்கம் குனிந்து, இரகசியமாகத்தான் சொன்னாள். ஆனால் முற்றம் இருந்த அமைதியில் அது எல்லாருக்கும் கேட்டது.

"பேசாமல் விழுங்குங்கோ தம்பி, அவை முகாமில பழகிப்போட்டு இப்பவும் உப்புப் போட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறவை போல, நாங்களும் ரெண்டு வருசமா ஒண்டும் சொல்லாமல்தான் குடிக்கிறம்."